பம்பாய் வளர்த்த கலகக்காரர்: சாதத் ஹசன் மண்ட்டோ

ஓர் எழுத்தாளரைப் பெற்றெடுத்தது ஓர் ஊர், வளர்த்தெடுத்தது பிறிதோர் ஊர், மண்ணுக்குள் வாங்கிக்கொண்டது மற்றுமோர் ஊர் என அமைந்துவிடுவதுண்டு. உருதுச் சிறுகதையின் தலைமக்களுள் ஒருவராகிய சாதத் ஹசன் மண்ட்டோவின் வாழ்வு அத்தகையது. பஞ்சாபின் சிற்றூரொன்றில் பிறந்தார், லாகூரில் மறைந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகளே நீடித்த அவ்வாழ்வில், டில்லியில் கழிந்த சிறு பொழுதையும் சேர்த்து ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே பம்பாய்க்கு உரியவை. எனினும் அவரை எண்ணுந்தோறும் நம் கண்முன் விரிவன, இன்று மும்பை என வழங்கும் அக்கடற்கரை நகரின் சந்துகளே.

மொழிபெயர்ப்பு வழியாக மண்ட்டோவை அறிந்த தமிழ் வாசகர்கள் அவரைப் பெரும்பாலும் நாட்டுப் பிரிவினைக் கதைகளின் ஆசிரியராகவே அறிவர். ‘டோபா டேக் சிங்’ கதையைப் படித்தவர்கள் பிறிதொன்றையும் தேடாமல் நின்றுவிடுவதும் உண்டு. அவ்வறிவு பிழையன்று, ஆயினும் பாதி அறிவே. 1947 ஆம் ஆண்டின் குருதியைக் கண்டு, எந்தச் சமயத்தாரின் பக்கமும் சாயாமல் எழுதிய அந்தக் கை எங்கே பழகிற்று என்னும் வினாவே நம்மை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது.

இளமை

லூதியானா மாவட்டத்துச் சம்ராலாவை அடுத்த பப்ரௌதியில் 1912 மே 11 ஆம் நாள் மண்ட்டோ பிறந்தார். முன்னோர் காஷ்மீரத்தினர். தந்தை குலாம் ஹசன் நீதித்துறையில் பணியாற்றியவர், கண்டிப்பே உருவானவர். அவர்தம் இரண்டாம் மனைவியின் மைந்தராகிய மண்ட்டோவுக்கு, நன்கு படித்து உயர்ந்த மூத்தாள் மக்களின் நிழல் பெரும் சுமையாக இருந்தது. தாய் சர்தார் பேகத்தின் அன்பு ஒன்றே அவ்வீட்டில் அவருக்குக் கிட்டிய தண்ணிழல். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறினார். பிற்காலத்தில் உருது உரைநடைக்குப் புது முறுக்கு ஏற்றிய இவர் தேறாத பாடங்களுள் உருதுவும் ஒன்று என்பது தேர்வு முறையின் மீது நமக்கிருக்கும் ஐயத்தை வலுப்படுத்துகிறது.

வளர்ந்த ஊர் அமிர்தசரசு. ஜாலியன்வாலா பாகில் 1919 ஏப்ரல் 13 அன்று துப்பாக்கிகள் வெடித்தபோது அவருக்கு ஏழு வயது நிறையவில்லை. பின்னாளில் அவர் எழுதிய முதற் கதையாகிய ‘தமாஷா’, அந்நாளின் கொடுமையை ஒரு சிறுவன் கண்கொண்டு நோக்குவது. சூதும் ஊர்சுற்றலுமாகத் திரிந்த இளைஞரை 1933 இல் எழுத்தின் பக்கம் திருப்பியவர் பத்திரிகையாளர் பாரி அலிக். அவருடைய தூண்டுதலால் விக்டர் ஹியூகோவின் தூக்குத் தண்டனைக் கைதி பற்றிய நூலை மண்ட்டோ உருதுவில் பெயர்த்தார். ருசியக் கதைகளையும் பெயர்த்தார். அலிகார் பல்கலைக்கழகத்தில் 1934 இல் சேர்ந்தார். காசநோய் எனக் கருதப்பட்டமையால் ஓராண்டு நிறையுமுன்னரே வெளியேறினார். காஷ்மீரப் பகுதியின் பத்தோத் மலையூரில் சில திங்கள் உடல் தேற்றினார். இவ்வளவில், கோபமும் படிப்பும் உண்டு. ஆயின் எழுதுவதற்கான உலகம் ஒன்று இன்னும் வாய்க்கவில்லை என்னும் நிலையில் அவர் நின்றார்.

ஒன்பது ரூபாய் அறை

அவ்வுலகம் 1936 இல் வாய்த்தது. ‘முஸவ்விர்’ என்னும் திரைப்பட வார இதழின் ஆசிரியப் பொறுப்பேற்க நசீர் லூதியான்வி அழைத்தார். மாதச் சம்பளம் நாற்பது ரூபாய். தொடக்கத்தில் அலுவலகத்திலேயே உறங்கினார். பின்னர் மாதம் ஒன்பது ரூபாய் வாடகையில், மூட்டைப் பூச்சிகள் மலிந்த ஒரு சாலில் ஓர் அறை பிடித்தார். சால் என்பது பம்பாய்த் தொழிலாளர் குடியிருப்பு; நீண்ட தாழ்வாரத்தை ஒட்டி வரிசை வரிசையாக ஒற்றை அறைகள், எல்லார்க்கும் பொதுவான குழாயும் குளியலறையும் கொண்டது. மகனைக் காண வந்த தாய் அவ்வறையைப் பார்த்துக் கண்ணீர் வடித்தார்.

தாய் அழுததில் வியப்பில்லை. ஆனால் மகன் எழுத்தாளனாக உருவானது அவ்வறையில்தான் என நாம் துணிந்து கூறுவோம். சாலில் மறைவு என்பது இல்லை. அடுத்த அறையின் சண்டை, எதிர் அறையின் பிரசவம், மேல் மாடியின் மரணம் யாவும் சுவரைக் கடந்து வந்துசேரும். நீதிபதியின் வீட்டில், கதவை அடைத்து மானம் காக்கக் கற்ற ஓர் இளைஞர், கதவே இல்லாத வாழ்வுகளின் நடுவே எறியப்பட்டார். மானம் என்பது கதவில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்பதை அவருக்குப் புலப்படுத்தியது இந்த இடமாற்றமே.

அவர் புழங்கிய இடங்கள் நாக்பாடா, பைகுல்லா, அரபு கல்லி, போராஸ் சாலை, பின்னர்க் குடியேறிய கிளேர் சாலை அடெல்பி சேம்பர்ஸ் ஆகியன. அந்நாளைய பம்பாய் ஆலைத் தொழிலாளியும் துறைமுகக் கூலியும் நிறைந்த ஊர். பார்சியும் யூதரும் கோவாக் கிறித்தவரும் மராட்டியரும் குஜராத்தியரும் பட்டாணியரும் ஒரே தெருவில் வாடகை கொடுத்து வாழ்ந்த ஊர். ஈரானியர் தேநீர்க் கடையின் பளிங்கு மேசையில் ஒரு கோப்பைத் தேநீருக்குப் பல மணிநேரம் அமரலாம். யார் எவர் எனக் கேட்பாரில்லை. பஞ்சாபில் ஒருவர் வந்து அமர்ந்ததும் குலமும் கோத்திரமும் தந்தை பெயரும் வினவப்படும். பம்பாயில் வாடகைப் பாக்கி மட்டுமே வினவப்பட்டது. தம் குலத்தையும் தகுதியையும் கேளாமல் ஏற்றுக்கொண்ட ஊர் என்றே பின்னாளில் லாகூரிலிருந்து மண்ட்டோ அந்நகரை நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

திரையுலகம் அவருக்குச் சோறிட்டது. அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்துக்காக, இந்தியாவிலேயே பதனிடப்பட்ட முதல் வண்ணப்படமாகிய ‘கிசான் கன்யா’வுக்கு (1937) திரைக்கதையும் உரையாடலும் எழுதினார். எழுத்தாளரைப் படப்பிடிப்பு நிலையங்கள் அன்று முன்ஷி என்றே அழைத்தன. கணக்கப்பிள்ளைக்கு உள்ள மதிப்பே அவருக்கும். ஊதியம் வருவது உறுதியில்லை. 1939 இல், பம்பாயில் வாழ்ந்த காஷ்மீரக் குடும்பத்தைச் சேர்ந்த சபியாவை மணந்தார். மறு ஆண்டு தாய் மறைந்தார். தலைமகன் ஆரிபு ஓராண்டு அளவிலேயே இறந்தான். அந்தத் துயரம் அவரை விட்டு அகலவேயில்லை.

டில்லி வானொலியில் 1941 முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பணிபுரிந்தார். கிருஷண் சந்தர், உபேந்திரநாத் அஷ்க் போன்றோர் உடனிருந்த அக்காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வானொலி நாடகங்களை எழுதிக் குவித்தார். உருதுத் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து நேரே அடித்துத் தருவது அவர் வழக்கம். தம் நாடகத்தில் பிறர் திருத்தம் செய்ததைப் பொறாது 1942 இல் பம்பாய்க்கே திரும்பினார். நிலையான அரசுச் சம்பளத்தை உதறிவிட்டு, நிலையற்ற அந்நகரை அவர் மீண்டும் தேர்ந்துகொண்டார் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

சந்துகளில் கண்ட மாந்தர்

மண்ட்டோவின் கலகம் மேடையில் முழங்கிய கலகமன்று. யாரைப் பற்றி எழுதலாம் என்னும் எழுதப்படாத சட்டத்தை அவர் மீறினார், அவ்வளவே. விலைமகளிர், தரகர், ரவுடி, வேலையற்ற நடிகர், குதிரைவண்டிக்காரர், சலவைத் தொழிலாளி ஆகியோரைக் கதையின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொணர்ந்தார். அவர்களைத் திருத்த முற்படவும் இல்லை. அவர்களுக்காக ஒப்பாரி வைக்கவும் இல்லை.

‘ஹத்தக்’ என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். தலைப்பின் பொருள் அவமதிப்பு. சௌகந்தி என்னும் ஏழை விலைமகள், நள்ளிரவில் அழைத்துச் செல்லப்பட்டு, காரிலிருந்த செல்வர் ஒருவர் விளக்கொளியில் முகத்தைப் பார்த்து ஓர் இகழ்ச்சி ஒலி எழுப்பிவிட்டுப் போய்விடுவதால் நிலைகுலைகிறாள். அடியில்லை, வசையில்லை, ஓர் ஒலி மட்டுமே. அவ்வொலியின் வழியே தன் வாழ்வு முழுவதும் தன்னை ஏமாற்றியவர்களை அவள் கண்டுகொள்கிறாள். காதலனென நடித்துப் பணம் பறித்த மாதவனை விரட்டிவிட்டுச் சொறிபிடித்த தன் நாயை அணைத்தபடி உறங்கிப்போகிறாள். விற்பனைக்கு வைக்கப்பட்ட உடலினுள்ளும் விற்கப்படாத மானம் ஒன்று உண்டு என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்லிய கதையை நாம் அறியோம்.

‘மம்மத் பாய்’ கதையில் வரும் தாதாவோ முற்றிலும் வேறு வகை. போராஸ் சாலைப் பகுதியே அவர் பெயர் கேட்டு நடுங்கும். அவருடைய முறுக்கு மீசையும் இடுப்புக் கத்தியும் அவ்வளவு பேர் பெற்றவை. கதைசொல்லியாகிய மண்ட்டோ காய்ச்சலில் தனியே கிடக்கையில் இந்த மனிதரே மருத்துவரை அழைத்து வந்து நிற்கிறார். மண்ட்டோ என்னும் பெயர் வாயில் நுழையாமல், அந்நாளில் விற்ற ஒரு குளிர்பானத்தின் பெயரைச் சொல்லி அவரை விம்ட்டோ என்றே அழைக்கிறார். பிறகு ஒரு கொலை வழக்கு. நீதிபதி மீசையைக் கண்டு மிரண்டுவிடக் கூடாதே என்று நண்பர்கள் சொல்ல, மீசையை மழித்துக்கொண்டு மன்றம் செல்கிறார். தண்டனையாகக் கிடைப்பது நகரை விட்டு வெளியேற்றம். அழுகிறார், கொலைக்காக அன்று, நகரைப் பிரிவதற்காகவும் அன்று, மீசைக்காக. இக்கதையை முதன்முறை படிப்பவர் சிரிப்பார். மண்ட்டோவே அந்நகரை இழந்து லாகூரில் அமர்ந்து எழுதிய கதை இது என்று அறிந்தபின் படிப்பவர்க்குச் சிரிப்பு எளிதில் வராது.

‘பாபு கோபிநாத்’ கதையிலும் மண்ட்டோ தம் பெயரோடே வருகிறார். அங்கே இழிவாக நடந்துகொள்பவர் அந்த எழுத்தாளரே. எளியாள் ஒருத்திக்கு நல்வாழ்வு அமைத்துத் தரத் தன் செல்வத்தையெல்லாம் இறைத்த ஒரு வெகுளி மனிதரின் முன்னிலையில், அறிவாளியின் கேலிப்பேச்சு எவ்வளவு கொடியது என்பதைத் தம்மையே குற்றவாளியாக்கிக் காட்டினார். கலகக்காரர் பலர் பிறரைச் சாடுவதோடு நின்றுவிடுவர். மண்ட்டோவின் தனிச்சிறப்பு இவ்விடத்திலேதான் உள்ளது என்பது நம் கருத்து.

மொழியும் அந்நகர் தந்ததே. அலங்காரமும் பாரசீக அடைமொழிகளும் மலிந்திருந்த உருது உரைநடையில், கொச்சையும் மராட்டியும் குஜராத்தியும் கலந்த பம்பாய்ப் பேச்சைப் பாத்திரங்களின் வாயில் அப்படியே வைத்தார். ஆசிரியர் கூற்றோ குறுகிய வாக்கியங்களால், வெட்டிய வைரம் போல் அமைந்தது. வாரந்தோறும் பத்திரிகைக்கும் நாள்தோறும் படப்பிடிப்புக்கும் எழுதியவருக்கு நீட்டி முழக்க நேரம் வாய்க்கவில்லை.

அவர்தம் கதைகளுள் சிலவற்றை வகுப்பறையில் வைத்துப் பாடம் சொல்ல ஆசிரியர்களாகிய நமக்குத் தயக்கம் உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவை தீமையைச் சுவையாக்கிக் காட்டும் எழுத்துகள் அல்ல. படித்து முடித்தவர் நெஞ்சில் எஞ்சுவது இச்சையன்று, வெட்கமும் இரக்கமுமே. ‘காலி ஷல்வார்’, ‘துவான்’, ‘பூ’ ஆகிய கதைகளுக்காகப் பிரிவினைக்கு முன் மூன்று முறையும், அதன்பின் மூன்று முறையும் ஆபாசக் குற்றச்சாட்டில் அவர்மீது வழக்குகள் நடந்தன. முன்னைய வழக்குகளும் லாகூர் மன்றங்களிலேயே நடந்தன. அவரை அச்சிட்ட பதிப்பாளர்கள் அங்கிருந்தமையே காரணம். ‘லிஹாப்’ கதைக்காக வழக்கில் சிக்கிய இஸ்மத் சுக்தாயும் அவரும் பம்பாயிலிருந்து ஒன்றாகவே லாகூர் சென்றனர். மன்றத்தில் நின்ற நேரம் போக, ஊரைச் சுற்றிப் பொருள் வாங்கி மகிழ்ந்தனர் என்பதை இஸ்மத் அம்மையார் சுவைபட எழுதியுள்ளார். வழக்கு முடிந்ததும் திரும்ப ஒரு பம்பாய் இருந்தது. அது இல்லாதபோது வழக்குகள் எத்துணைக் கொடியவையாயின என்பதைப் பின்னர்க் காண்போம்.

நகரை இழத்தல்

பிலிமிஸ்தான் நிறுவனத்தில் அசோக்குமாரின் நட்போடு கழிந்த ஆண்டுகளே மண்ட்டோவின் வாழ்வில் ஓரளவு வளமான காலம். ‘ஆட் தின்’ (1946) படத்தில் சிறு வேடமேற்று நடித்தும் உள்ளார். பின்னர் அசோக்குமார் பாம்பே டாக்கீஸ் நிறுவனத்தை ஏற்றபோது தாமும் உடன் சென்றார். காலமோ 1947. நகரில் கத்திக்குத்துகள் நாளும் நிகழ்ந்தன. நிறுவனத்தில் முஸ்லிம்கள் பலர் பொறுப்பில் இருப்பதைக் கண்டித்து மிரட்டல் கடிதங்கள் வந்தன. அசோக்குமார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் தம்மாலும் தம்மவராலும் நண்பர் நட்டப்படுவாரோ என்னும் கவலை மண்ட்டோவை அரித்தது.

ஒரு நாள் அசோக்குமாரின் காரில் இருவரும் வருகையில், முஸ்லிம்கள் நிறைந்த தெருவொன்றில் திருமண ஊர்வலம் எதிர்ப்பட்டது. இந்து நடிகரின் உயிருக்கு என்ன நேருமோ என்று மண்ட்டோ நடுங்கினார். கூட்டமோ அசோக்குமாரை அடையாளம் கண்டு மகிழ்ந்து, இவ்வழி நெரிசல், அப்பக்கச் சந்து வழியே செல்க என அன்போடு வழிகாட்டிற்று. இந்நிகழ்ச்சியை மண்ட்டோவே எழுதியுள்ளார். கலைஞனுக்கு வழிவிட்ட அதே நகரில், எழுத்தாளனுக்கு வழி அடைபட்டது. பாம்பே டாக்கீசில் அவருடைய கதை ஒதுக்கப்பட்டு நசீர் அஜ்மேரி, கமால் அம்ரோகி ஆகியோரின் கதைகள் ஏற்கப்பட்டன. அதுவும் மனத்தைப் புண்படுத்தியது. நெருங்கிய நண்பராகிய நடிகர் ஷியாம், ராவல்பிண்டி அகதிகளின் துன்பக் கதையைக் கேட்ட வேளையில், முஸ்லிமாகிய நண்பனைக்கூடத் தாம் கொன்றிருக்கக் கூடும் என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சொல் மண்ட்டோவின் உள்ளத்தில் தைத்தது. குடும்பம் முன்னரே லாகூர் சென்றிருந்தது. 1948 சனவரியில், சொல்லிக்கொள்ளாமல் செல்வார் போலக் கராச்சிக்குக் கப்பலேறினார்.

அவர் ஏன் சென்றார் என்பதற்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. அச்சம் என்பர் சிலர். மனத்தாங்கல் என்பர் சிலர். குடும்பம் என்பர் சிலர். மூன்றும் உண்மையே என்று நமக்குத் தோன்றுகிறது. இவற்றோடு ஒன்றையும் சேர்க்க வேண்டும். சமயம் கேளாத நகரம் என்று தாம் நம்பிய இடத்தில் அவ்வினா எழுந்துவிட்டது. பிறிதோர் ஊராயின் அவர் பொறுத்திருப்பார்.

லாகூரில் இருந்து எழுதிய பம்பாய்

லாகூரில் லட்சுமி மேன்ஷன்சில் குடியேறினார். அங்கே படத்தொழில் சிதைந்து கிடந்தது, வருவாய் இல்லை. எழுத்தே பிழைப்பாயிற்று. பிரிவினைக் கொடுமைகளைச் சில வரிகளில் உறைய வைத்த ‘சியாஹ் ஹாஷியே’ 1948 இல் வெளிவந்தது. ‘கோல் தோ’ கதையை வெளியிட்ட ‘நுகூஷ்’ இதழ் ஆறு திங்கள் தடை செய்யப்பட்டது. ‘தண்டா கோஷ்த்’ கதைக்குக் கீழ்மன்றம் மூன்று திங்கள் கடுங்காவலும் 300 ரூபாய்த் தண்டமும் விதித்தது, மேல்முறையீட்டில் விடுதலை, அதன்மேல் உயர்நீதிமன்றத்தில் மீண்டும் தண்டம். ஒருபுறம் அரசு ஒழுக்கம் கெட்டவர் என்றது. மறுபுறம் முற்போக்கு எழுத்தாளர்கள் பிற்போக்காளர் என்று ஒதுக்கினர். இரு சாராரும் ஒருங்கே வெறுத்த எழுத்தாளர் ஒருவர் ஈரானியர் கடையில் அமர்ந்து அதைச் சொல்லிச் சிரித்திருக்கலாம். லாகூரில் அத்தகைய மேசை அவருக்கு வாய்க்கவில்லை.

குடி அவரை விழுங்கிற்று. ஒரு நாளைய தேவைக்கு ஒரு கதை என எழுதி, மை உலருமுன் விற்றார். இதனைக் கலைஞரின் பித்து என்று போற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு; நாம் அதற்கு உடன்படோம். அந்தக் குடியின் விலையை இறுத்தவர் சபியா அம்மையாரும் நிகத், நுசத், நுஸ்ரத் என்னும் மூன்று சிறுமியருமே. மது மறக்க லாகூர் மனநல மருத்துவமனையிலும் சேர்ந்தார். அவ்வனுபவத்தின் தடத்தை ‘டோபா டேக் சிங்’ கதையில் காணலாம்: பைத்தியக்காரர்களையும் இரு நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் வேளையில், தன் ஊர் எந்த நாட்டில் என்று கேட்டுக் கேட்டு, எவருக்கும் உரிமையில்லா நிலத்துண்டில் வீழ்ந்து மடியும் பிஷன் சிங்கின் கதை அது. பிஷன் சிங்கின் ஊர் பஞ்சாபில் உள்ளது. அவ்வினாவின் ஏக்கம் மட்டும் பைகுல்லாவுக்கு உரியது.

வியப்பான ஒன்றை ஈண்டுக் குறிப்பிட வேண்டும். லாகூர்க் குதிரைவண்டிக்காரன் மங்குவைப் பற்றிய ‘நயா கானூன்’ மண்ட்டோ பம்பாயில் வாழ்ந்தபோது வெளிவந்தது. பம்பாயின் மிகச் சிறந்த சித்திரங்களோ லாகூரில் எழுதப்பட்டன. அசோக்குமார், ஷியாம், நர்கிஸ், நசீம் முதலிய திரையுலகினரைப் பூச்சின்றிக் காட்டும் ‘கஞ்சே பரிஷ்தே’ 1952 இல் வெளிவந்தது. ‘மொசேல்’ கதையும் அக்காலத்தது. எவருக்கும் அடங்காத யூதப் பெண்ணொருத்தி, தான் ஓயாது கேலி செய்த சீக்கிய இளைஞனின் மணப்பெண்ணைக் கலவரத்திலிருந்து காப்பதற்காகத் தன் ஆடையையே அவளுக்கு அணிவித்து அனுப்பிவிட்டு, மாடிப்படியில் விழுந்து உயிர் துறக்கிறாள். இறுதிக் கணத்தில் தன் மேல் போர்த்திய தலைப்பாகையையும், அதனோடு அவன் சமயத்தையும், வேண்டாமென விலக்குகிறாள். பிரிவினைக் கதை என்றும் இதனைச் சொல்லலாம். பம்பாய்க் கதை என்றும் சொல்லலாம். மண்ட்டோவிடம் இரண்டும் வெவ்வேறல்ல என்பதே நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை. மனிதரைக் கண்டபின்னரே சமயத்தைக் காணும் பார்வையைச் சாலிலும் சந்திலும் பெற்றவர், அப்பார்வையோடு 1947 ஐ நோக்கினார்.

ஷியாம் 1951 இல் படப்பிடிப்பின்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பம்பாயோடு இருந்த நெருங்கிய இழையொன்று அறுந்தது. இந்தியாவுக்குத் தம்மைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு மண்ட்டோ வேண்டி எழுதியதை இஸ்மத் சுக்தாய் பதிவு செய்துள்ளார். அது நடவாமலே போயிற்று.

ஈரல் நோய் முற்றி, 1955 சனவரி 18 அன்று லாகூரில் மண்ட்டோ காலமானார். மியானி சாகிப் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். தம் கல்லறைக்கென முந்தைய ஆண்டே அவர் எழுதி வைத்திருந்த செருக்கு மிக்க வாசகம், பிறர் மனம் புண்படுமோ என்று அஞ்சிய குடும்பத்தாரால் விடப்பட்டு, வேறொரு வாசகம் பொறிக்கப்பட்டது. பாகிஸ்தான் அரசு 2012 இல் அவர்க்கு நிஷானே இம்தியாஸ் விருது அளித்தது.

பம்பாயில் இருந்த நாளில் கவிஞர் காலிபைப் பற்றி ஒரு திரைக்கதை எழுதி வைத்திருந்தார். சோராப் மோடி அதனை ‘மிர்சா காலிப்’ என்னும் படமாக எடுத்தார். உரையாடலை ராஜிந்தர் சிங் பேடி எழுதினார். 1954 இல் வெளிவந்த அப்படம் அவ்வாண்டின் சிறந்த படமெனக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. கதையாசிரியர் மண்ட்டோ என்று பம்பாயின் திரையரங்குகளில் பெயர் ஒளிர்ந்த அந்நாட்களில், அவர் லாகூரில் கதைக்கு முன்பணம் கேட்டுப் பதிப்பாளர்களின் படியேறிக்கொண்டிருந்தார்.